முல்லார்ட், டெலிஃபுங்கன், பி.இ.எல்.: பழைய இசிசி83 வால்வுகளில் எது நன்றாகப் பாடுகிறது?

கிராமஃபோன்_பெட்டி:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா கல்யாணமான புதிதில் வாங்கிய ஸ்டீரியோ ரேடியோகிராம் எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. மூடியைத் தூக்கினால் இசைத்தட்டு ஓடும் மேடை, முன்பக்கம் துணிக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர், நடுவில் ரேடியோ. இருபது வருஷமாக அதன் மேல் பூ ஜாடிதான் இருந்தது. போன தீபாவளிக்குத் துடைத்து ஓட விட்டேன். பாடியது.

ஆம்ப்ளிஃபயர் பகுதி எளிமையானது. சிக்னலைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்களைத்தான் வால்வு என்கிறோம். முதலில் ஒரே ஒரு இசிசி83. அதன் ஒரு பாதி இடது பக்கத்துக்கு, மறுபாதி வலது பக்கத்துக்கு. பிறகு பக்கத்துக்கு ஒரு இஎல்84. கரண்டை நேராக்க ஒரு இஇசட்81.

இசிசி83 மட்டும் இப்போது கையில் நான்கு இருக்கின்றன. பெட்டியிலேயே இருந்த நம் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் பி.இ.எல்., நண்பர் கொடுத்த இங்கிலாந்தின் முல்லார்ட், இணையத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய ஜெர்மனியின் டெலிஃபுங்கன், புதிதாக வாங்கிய ஸ்லோவாக்கியாவின் ஜேஜே. ஒரு வாரம் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். பி.இ.எல். மந்தமாக இருக்கிறது, மிருதங்கத்தின் வலந்தலை போர்வைக்கு அடியிலிருந்து கேட்பது போல. முல்லார்ட்டில் குரல் இனிக்கிறது. ஜேஜே பளிச்சென்று இருக்கிறது, கொஞ்சம் வறட்சி. டெலிஃபுங்கன் போட்டதும் கூடமே அகலமானது போல் ஆகிவிட்டது. தவில் அடி விழுந்து முடிந்த பிறகும் சின்னதாக ஒரு ரீங்காரம் காற்றில் நிற்கிறது. அவ்வளவு உயிர்!

இஎல்84 இரண்டையும் டெலிஃபுங்கனாகவே மாற்றிவிடலாமா என்று யோசிக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மைக்செட்_மதுரை:

தம்பி, அப்பா பெட்டியைத் திரும்பப் பாட வைத்ததற்கு முதலில் வாழ்த்து. ஆனால் வால்வு மாற்றுவதைக் கொஞ்சம் நிறுத்துங்கள். நாற்பது வருஷம் மைக் செட் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: இஎல்84-க்குப் போகும் கண்டன்சரை மாற்றினீர்களா? இசிசி83-ன் பிளேட்டிலிருந்து (சிக்னல் வெளியே வரும் தகடு) இஎல்84-ன் கிரிட்டுக்கு (சிக்னல் உள்ளே போகும் கம்பி வலை) வருமே, அது. அந்தக் காலத்துப் பெட்டி என்றால் மெழுகு பூசிய காகிதக் கண்டன்சராக இருக்கும். ஐம்பது வருஷத்தில் அது டிசி வோல்டேஜைத் தடுக்கும் வேலையை மறந்துவிடும். பிளேட்டில் நிற்கும் நூற்றுச் சொச்சம் வோல்ட்டில் கொஞ்சம் கசிந்து கிரிட்டில் ஏறும். கிரிட் நெகட்டிவாக இருக்க வேண்டியது பாசிட்டிவ் பக்கம் நகரும். இஎல்84 அளவுக்கு மேல் கரண்ட் இழுத்துச் சூடேறிச் சாகும். அந்த நிலையில் எந்த இசிசி83 போட்டுக் கேட்டாலும் அது நியாயமான தீர்ப்பு ஆகாது.

சோதனை சுலபம். பெட்டியை அணையுங்கள். ஒரு இஎல்84-ஐக் கழற்றி, அது இல்லாமலே பெட்டியை மறுபடி ஓட விட்டு, சாக்கெட்டின் 2-ஆம் முள்ளில் டிசி வோல்டேஜ் பாருங்கள். பூஜ்யம் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே கண்டன்சரைத் தூக்கி எறியுங்கள். 3-ஆம் முள் கேத்தோடு, அதாவது வால்வுக்குள் கரண்ட் கிளம்பும் முனை; வால்வைத் திரும்பப் போட்டு அதையும் அளந்து எழுதுங்கள்.

ஒன்று மறக்காதீர்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சரில் அது தங்கியிருக்கும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அளப்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கம்.

யாழ்_வானொலி:

மைக்செட் ஐயா சொன்னதை முதலில் செய்யுங்கோ. நான் வேறொன்று கேட்கிறேன். அந்த டெலிஃபுங்கனைத் தலைகீழாகப் பிடித்து, முட்களுக்கு நடுவில் கண்ணாடியின் அடியைப் பார்த்தீர்களா? அங்கே சின்ன வைர வடிவம், அதாவது சாய்சதுரம், கண்ணாடியிலேயே அச்சாகி இருக்க வேணும். விரல் நகத்தால் தடவினால் தெரியும். பெயர் அச்சடித்த எழுத்து யாரும் அடிக்கலாம். கண்ணாடியில் வார்த்த அடையாளத்தைப் பிறகு சேர்க்க ஏலாது.

கிராமஃபோன்_பெட்டி:

இரவே பார்த்தேன். இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தேன், பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். வழவழவென்று இருக்கிறது. உள்ளே பிளேட் இரண்டும் விலா எலும்பு போன்ற மடிப்பு இல்லாமல் சமதளமாக இருக்கின்றன. அது டெலிஃபுங்கனின் அடையாளம் என்று படித்துத்தான் வாங்கினேன். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. மனசு கனக்கிறது. அந்தப் பணத்தில் அப்பாவின் பெட்டிக்கு நல்ல ஊசி ஒன்று வாங்கியிருக்கலாம்.

முல்லார்ட்டில் பெயர் பாதி அழிந்துவிட்டது. ஆனால் கண்ணாடியின் அடிப்பக்கம் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து இரண்டு வரி இருக்கிறது. மேலே ஐ63, கீழே பி5எஃப்2. இதுவும் போலியா?

மில்லிவோல்ட்:

முல்லார்ட் அசல்தான், நிம்மதியாக இருங்கள். பிலிப்ஸ் குடும்பத்து ஆலைகள் எல்லாம் இந்தக் குறி முறையைத்தான் வைத்திருந்தன. முல்லார்ட் 1927 முதலே முழுக்க பிலிப்ஸ் கையில் இருந்த கம்பெனி. ஐ6 என்பது இசிசி83 வகைக்கான குறி, பின்னால் வரும் எண் அதன் வடிவ மாற்றத்தைக் காட்டும். இரண்டாம் வரியில் பி என்றால் இங்கிலாந்தின் லங்காஷயரில் இருந்த பிளாக்பர்ன் ஆலை. 5 என்பது வருஷத்தின் கடைசி இலக்கம். எஃப் ஆறாவது எழுத்து, ஜூன் மாதம். 2 என்றால் இரண்டாம் வாரம். வருஷத்துக்கு ஓரிலக்கம்தான் என்பதால் பத்து வருஷக் குழப்பம் எப்போதும் உண்டு. மேல் வரியில் இருக்கும் வடிவ எண்ணை வைத்துத்தான் எந்தப் பத்தாண்டு என்று ஊகிக்க வேண்டும். உங்களுடையது 1965 என்று சொல்வேன். மேலே அச்சடித்த பெயரை நம்பவே நம்பாதீர்கள். பிளாக்பர்னில் செய்தது வேறு பெயரில் விற்றிருக்கிறது, வேறு ஊரில் செய்தது முல்லார்ட் பெட்டியில் வந்திருக்கிறது. அடியில் உள்ள பொடி எழுத்துதான் பிறப்புச் சான்றிதழ்.

அந்த 'டெலிஃபுங்கன்' யூகோஸ்லாவியாவின் நிஷ் நகரத்து எய் ஆலை வால்வாக இருக்க வாய்ப்பு அதிகம். டெலிஃபுங்கனின் இயந்திரங்கள் அங்கே போய், அதே சமதளப் பிளேட்டோடு அங்கே உற்பத்தி நடந்தது. அதனால்தான் பிளேட்டை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். மோசமான வால்வு இல்லை, கொடுத்த விலைக்கு உரியதும் இல்லை.

இன்னொன்று. நான்கையும் கேட்டபோது சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? ஒரு வால்வு இன்னொன்றைவிட ஒரு டெசிபல் கூடப் பாடினால் 'சத்தம் கூட' என்று காது சொல்லாது, 'தெளிவு', 'உயிர்', 'அகலம்' என்றுதான் சொல்லும். என் காதும் அப்படித்தான் சொல்லும். கைப்பேசியிலிருந்து 400 ஹெர்ட்ஸ் ஒலியை ஓட விட்டு, வால்யூமைத் தொடாமல், ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்டேஜை ஒவ்வொரு வால்வுக்கும் அளந்து எழுதுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அதிக அலைவரிசையில் தப்புக் காட்டும், 400 போதும். வால்வு போட்ட பிறகு அரை மணி நேரம் சூடேற விடுங்கள்.

இசைத்தட்டு_வீடு:

எல்லாவற்றையும் மீட்டரில் அடக்கிவிட முடியாது என்று பணிவோடு சொல்கிறேன். பதினைந்து வருஷமாக இசிசி83 சேர்க்கிறேன். 1950-களின் நீளப் பிளேட் முல்லார்ட் மூன்று வைத்திருக்கிறேன். அதைப் போட்டால் வீணையின் மீட்டுக்குப் பின்னால் வரும் கார்வை எங்கே முடிகிறது என்று தெரியாமல் கரைகிறது. வேறு எந்த வால்வும் என் வீட்டில் அதைச் செய்யவில்லை. என் மனைவி அடுத்த அறையிலிருந்தே 'இன்று வேறு வால்வு போட்டீர்களா' என்று கேட்டிருக்கிறாள். இத்தனை பேர் இத்தனை வருஷம் கேட்டதெல்லாம் பிரமை என்று சொல்லிவிடாதீர்கள்.

மில்லிவோல்ட்:

பிரமை என்று நான் சொல்லவே மாட்டேன், ஐயா. நீங்கள் கேட்டது எங்கிருந்து வருகிறது என்பதுதான் என் கேள்வி. பிராண்டிலிருந்தா, அந்த வால்வு உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தா?

சங்கீதம் கேட்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தம்புராவில் ஷட்ஜத்தை மீட்டினால் அதோடு மேல் ஷட்ஜமும், அதற்கும் மேல் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்தச் சேர்க்கைதான் ஜீவா. வால்வும் தன் பங்குக்கு இதையே செய்கிறது. ஒற்றை இஎல்84 நிறைய உழைக்கும்போது இரண்டாம் ஹார்மோனிக்கை, அதாவது மூல ஒலியின் இரு மடங்கு அலைவரிசையை, நன்றாகவே சேர்க்கும், அது மேல் ஷட்ஜம், மூல ஒலியோடு சண்டையே போடாது. இரண்டு இஎல்84 எதிரெதிராக வேலை செய்யும் புஷ்புல் ஆம்ப்ளிஃபயரில் இரட்டைப்படை ஹார்மோனிக் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும், மூன்றாவது மிஞ்சும், அது மேல் பஞ்சமம். இப்படி ஆம்ப்ளிஃபயரின் அமைப்பே சுவையை மாற்றுகிறது. ஆனால் இசிசி83-க்கு உங்கள் பெட்டியில் வேலை ரொம்பக் குறைவு. சில வோல்ட் மட்டுமே வெளியே தருகிறது. அந்தச் சிறு அளவில் நல்ல நிலையில் உள்ள எந்த இசிசி83-ம் சேர்க்கும் ஹார்மோனிக், பின்னால் நிற்கும் இஎல்84 சேர்ப்பதன் முன் மிகச் சிறியது.

அப்படியானால் மந்தம் எங்கிருந்து வருகிறது? கிராமஃபோன் நண்பரே, உங்கள் வால்யூம் கண்ட்ரோல் எத்தனை ஓம்? பழைய ரேடியோகிராமில் பெரும்பாலும் 1 மெகோம் இருக்கும். இசிசி83-ன் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே 1.6 பிக்கோஃபாரட்தான் கெப்பாசிட்டன்ஸ். ஆனால் அந்த வால்வு ஐம்பது அறுபது மடங்கு பெருக்குவதால் உள்ளே வரும் சிக்னலுக்கு அதுவும் அத்தனை மடங்காகத் தெரியும். இதற்கு மில்லர் விளைவு என்று பெயர். வயரிங்கையும் சேர்த்தால் சுமார் 100 பிக்கோஃபாரட். 1 மெகோம் கண்ட்ரோலை மின்னளவில் நடுவில் வைத்தால் அதன் பின்னால் 250 கிலோ ஓம் நிற்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6,400 ஹெர்ட்ஸிலேயே மூன்று டெசிபல் விழுந்துவிடுகிறது. வலந்தலையின் கணீரிலும் தாளத்தின் சிலிர்ப்பிலும் ஒரு பங்கு அதற்கு மேலே இருக்கிறது. வால்யூமைத் திருப்பத் திருப்ப இந்த எல்லையும் நகரும். நீங்கள் வால்வு வால்வாக வால்யூமை மாற்றிக் கேட்டிருந்தால், கேட்டது வால்வை மட்டும் இல்லை.

ஊசியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பழைய செராமிக் பிக்கப்புக்கு அந்த 1 மெகோம் தேவைப்பட்டது. நீங்கள் கைப்பேசியோ சிடியோ கொடுப்பதானால் 100 கிலோ ஓம் கண்ட்ரோல் போடலாம். அப்போது அதிகபட்சம் 25 கிலோ ஓம்தான் நிற்கும், எல்லை 64,000 ஹெர்ட்ஸுக்குப் போய்விடும்.

கிராமஃபோன்_பெட்டி:

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதற்கே போனது. எழுதி வைத்ததை அப்படியே தருகிறேன்.

மைக்செட் ஐயா, இடது இஎல்84 சாக்கெட்டின் 2-ஆம் முள்ளில் 4.1 வோல்ட்! வலதில் 1.6. கேத்தோடில் இடது பக்கம் 10.1 வோல்ட். அங்கே 150 ஓம் இருக்கிறது, அப்படியானால் 67 மில்லி ஆம்பியர். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தேன். இடது இஎல்84-ன் சாம்பல் நிறப் பிளேட்டில், மடிப்பு ஓரமாக, அரிசி அளவுக்கு மங்கலான சிவப்பு. அடுப்பில் விறகு அணைந்த பிறகு சாம்பலுக்குள் தெரியுமே, அந்தச் சிவப்பு. வயிறு கலங்கிவிட்டது. உடனே அணைத்தேன்.

கண்டன்சர் இரண்டையும் வெட்டி எடுத்தேன். பழுப்பு மெழுகு உருகி ஒரு பக்கம் சொட்டாக உறைந்திருந்தது. புது பாலிப்ரொப்பிலீன் 630 வோல்ட் போட்டேன். இப்போது 2-ஆம் முள் இரண்டு பக்கமும் பூஜ்யம். கேத்தோடு இடது 7.6, வலது 7.4. சிவப்பு இல்லை. முக்கியமாக, பெட்டி வேறு பெட்டி ஆகிவிட்டது. நான்கு வால்வுக்கும் நடுவே நான் கேட்ட வித்தியாசம் எல்லாவற்றையும்விட இந்த ஒரு மாற்றம் பெரியது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் 'தொம்' இப்போது உருண்டையாக வந்து உடனே நிற்கிறது.

அப்புறம் 400 ஹெர்ட்ஸ் அளவு. வால்யூமைத் தொடாமல், இடது ஸ்பீக்கரில்: ஜேஜே 2.83 வோல்ட், முல்லார்ட் 2.79, அந்தப் போலி 2.88, பி.இ.எல். 2.50. அதாவது பி.இ.எல். மற்றவற்றைவிடச் சுமார் ஒரு டெசிபல் குறைவு. நான் 'மந்தம்' என்று சொன்னது இதைத்தானா? அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஐம்பது வருஷம் உழைத்த வால்வை ஒரே வாரத்தில் ஒதுக்கிவிட்டேன்.

புதிய_இழை:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழையது கிடைக்கவில்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை என்றால் புது இஎல்84 எதை வாங்கலாம்? ரஷ்ய வால்வு நல்லது என்கிறார்கள்.

மைக்செட்_மதுரை:

புதிது என்றால் ஸ்லோவாக்கியாவின் ஜேஜே, ரஷ்யாவில் சரத்தோவ் ஆலையில் செய்து பல பெயரில் வருபவை, சீன வால்வு. இவற்றில்தான் தேட வேண்டும். பழைய சோவியத் கையிருப்பில் 6பி14பி என்று ஒன்று வரும், அது இஎல்84-க்கு நேர் ஜோடி, என் அனுபவத்தில் கல் மாதிரி நிற்கும். 2022-இல் ரஷ்யாவிலிருந்து ஏற்றுமதி தடைப்பட்டபோது எல்லா வால்வு விலையும் ஏறியது, அதனால் பார்த்து வாங்குங்கள்.

பழையதை வாங்கினால் நான் பார்ப்பது இரண்டே. ஒன்று, கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளிப் பூச்சு. அதுதான் கெட்டர், உள்ளே தப்பித் தவறி இருக்கும் காற்றை விழுங்குவதற்காக ஆலையிலேயே ஆவியாக்கிப் படியவைத்த பேரியம். கண்ணாடி மாதிரி பளபளக்க வேண்டும். பால் வெள்ளையாக மாறியிருந்தால் காற்று புகுந்துவிட்டது, அந்த வால்வு பிணம். ஓரம் பழுப்பாகித் தேய்ந்திருந்தால் நிறைய ஓடியது என்று அர்த்தம். இரண்டாவது, முட்கள். வளைந்த முள்ளை நிமிர்த்தியிருந்தால் அடியில் கண்ணாடியில் முடி போல விரிசல் இருக்கலாம்.

பி.இ.எல். பற்றி ஒரு வார்த்தை. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வு செய்ய ஆரம்பித்தது. நாங்கள் மைக் செட் ஓட்டிய காலத்தில் ஊர் ஊராக எங்களைக் காப்பாற்றியது அந்த வால்வுதான். சித்திரைத் திருவிழாவில் பத்து ராத்திரி, தூசியிலும் ஜெனரேட்டர் கரண்டிலும், 180 வோல்ட்டுக்கும் 260 வோல்ட்டுக்கும் நடுவே ஆடிக்கொண்டு ஓடியிருக்கிறது. வெளிநாட்டுப் பெயர் இல்லை என்பதற்காக அதைக் கீழே வைக்காதீர்கள். உங்கள் பி.இ.எல். ஒரு டெசிபல் குறைந்தது வயசால். அது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

யாழ்_வானொலி:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எங்கட பக்கம் கடல் காற்று, முட்களில் பச்சை பிடிக்கும். பல நேரம் 'வால்வு கரகரக்குது' என்று கொண்டுவருவினம். சாக்கெட்டையும் முட்களையும் துடைத்தால் சரியாகிவிடும். அண்ணன் நான்கு வால்வை ஒரு வாரம் கழற்றிக் கழற்றிப் போட்டதிலேயே சாக்கெட் சுத்தமாகி இருக்கும். முதலில் இருந்த வால்வு கடைசியில் வந்தவையை விடக் குறைவாகக் கேட்டதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மில்லிவோல்ட்:

இது எனக்குத் தோன்றவே இல்லை. அருமை.

கிராமஃபோன், ஒரு யோசனை. வால்வைக் கழற்றி, போட்டு, அரை மணி நேரம் காத்திருந்து கேட்டால் முந்தைய வால்வின் ஒலி நினைவில் தங்காது. அதனால் ஸ்பீக்கர் முனையிலிருந்து இரண்டு ரெசிஸ்டர் வைத்து வோல்டேஜைக் குறைத்துக் கணினியில் பதிவு செய்யுங்கள். ஸ்பீக்கர் ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஒரே பாட்டுத் துண்டு, நான்கு வால்வு, அளவைச் சமப்படுத்திய நான்கு பதிவு. பிறகு வேறு யாராவது பெயரை மறைத்துப் போட்டுக் காட்டட்டும்.

கிராமஃபோன்_பெட்டி:

செய்தேன். பதிவு எடுத்தது நான், பெயரை மறைத்து எண் போட்டது தங்கை. ஹெட்ஃபோனில் கேட்டேன். ஒவ்வொரு ஜோடிக்கும் பத்து முறை, எது எது என்று நான் சொல்ல வேண்டும், அவள் குறித்துக்கொள்வாள்.

முல்லார்ட்டும் பி.இ.எல்.-லும்: பத்தில் ஆறு சரி. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். முல்லார்ட்டும் ஜேஜேயும்: பத்தில் ஐந்து. 'குரல் இனிக்கிறது' என்று எழுதியவன் நான்தான், பெயர் தெரியாதபோது அந்த இனிப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தப் போலியும் பி.இ.எல்.-லும்: பத்தில் ஒன்பது. முதல் மூன்று முறைக்குள் பிடிபட்டுவிட்டது. தவில் வரும் இடத்தில், ஒவ்வொரு பலத்த அடிக்குப் பின்னும் 'ங்' என்று மெல்லிய ஒரு வால். முதல் பதிவில் நான் உயிர் என்று எழுதினேனே, அதேதான். அளவைச் சமப்படுத்தியும் போகவில்லை. தங்கைதான் கேட்டாள், எல்லா அடிக்கும் ஏன் ஒரே சுருதியில் அந்த ஒலி வருகிறது என்று. தவில் எந்தச் சுருதியில் அடித்தாலும் வால் ஒரே சுருதி!

பெட்டியைத் திறந்து, பாட்டு இல்லாமல், வால்யூமை ஏற்றி, பென்சிலின் ரப்பர் முனையால் அந்த வால்வை மெல்லத் தட்டினேன். ஸ்பீக்கரில் 'ணிங்ங்ங்' என்று மணி அடித்தது, இரண்டு விநாடி நின்றது. பி.இ.எல்.-ஐத் தட்டினால் 'டக்' என்று வந்து அடங்குகிறது. முல்லார்ட் லேசாக ஒலித்தது. ஜேஜே கிட்டத்தட்ட மௌனம்.

மில்லிவோல்ட்:

மைக்ரோஃபோனி. உள்ளே கிரிட் கம்பி முடியைவிட மெல்லியது. அதைப் பிடித்திருக்கும் மைக்கா தகடு கொஞ்சம் தளர்ந்தாலும் அதிர்வில் கிரிட் ஆடும், ஆடினால் கரண்ட் ஆடும், ஆடியது சிக்னலாக வெளியே வரும். ரேடியோகிராமில் ஸ்பீக்கரும் வால்வும் ஒரே மரப்பெட்டியில் இருக்கின்றன. தவில் அடியில் பெட்டி அதிர, அந்த அதிர்வு வால்வுக்குப் போக, வால்வு தன் சொந்தச் சுருதியில் பாடிவிட்டு நிற்கிறது. நீங்கள் கேட்டது பிரமை இல்லை, உண்மையான ஒலி. ஆனால் தட்டில் இருந்த ஒலி இல்லை. ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் பதிவு செய்திருந்தால் இது மாட்டியே இருக்காது.

அந்த வால்வைத் தூக்கி எறியாதீர்கள். அதிர்வு குறைந்த இடத்தில், சிக்னல் பெரிதாகிவிட்ட பிறகு வரும் கட்டத்தில் அது நன்றாகவே வேலை செய்யும்.

இசைத்தட்டு_வீடு:

இதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி என் நீளப் பிளேட் முல்லார்ட் மூன்றையும் பென்சிலால் தட்டிப் பார்த்தேன். இரண்டு ஒலிக்கின்றன. பிளேட் நீளமாக இருந்தால் இது அதிகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன், என் கையில் சோதித்ததில்லை. என் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கருக்கு நடுவில், ஒரே மர அலமாரியில்தான் இருக்கிறது. வீணைக் கார்வை கரைவதாக எழுதினேன். அதில் எவ்வளவு வீணை, எவ்வளவு வால்வு என்று இப்போது எனக்கே தெரிந்துகொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

ஆனால் மூன்றாவது ஒலிக்கவில்லை. அதிலும் அந்தக் கார்வை எனக்குக் கேட்கிறது. அதனால் என் கட்சியை நான் இன்னும் விடவில்லை. கிராமஃபோன் நண்பர் சம்மதித்தால் அந்த மூன்றாவதைக் கூரியரில் அனுப்புகிறேன். அதே முறையில் பதிவு செய்து, தங்கையிடமே கொடுங்கள்.

கிராமஃபோன்_பெட்டி:

கட்டாயம் அனுப்புங்கள் ஐயா. இவ்வளவு நம்பிக்கை வைத்ததற்கு நன்றி. தங்கையும் தயார்.

மைக்செட்_மதுரை:

அந்த வால்வு வரும் முன் ஒரு வேலை பாக்கி. ஹீட்டர், அதாவது கேத்தோடைச் சூடாக்கும் இழை, அதன் வோல்டேஜ் அளந்தீர்களா? இசிசி83-ல் 4-ம் 5-ம் சேர்ந்திருக்கும், அதற்கும் 9-க்கும் நடுவில் ஏசி 6.3 வர வேண்டும். அந்தக் காலப் பெட்டிகளில் டிரான்ஸ்ஃபார்மருக்கு 220, 240 என்று இரண்டு மூன்று முனை இருக்கும். அப்போது 220-இல் வைத்திருப்பார்கள். இன்று உங்கள் தெருவில் 245 வந்தால் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். பத்து சதவீதத்துக்கு மேல் ஏறினால் கேத்தோடு சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்னொருவர் ஆசையாகச் சேர்த்த 1950-களின் வால்வை அதில் போடக் கூடாது.

கிராமஃபோன்_பெட்டி:

6.95 இருந்தது ஐயா. சுவரில் 243. பின் தகட்டைத் திறந்தால், நீங்கள் சொன்னபடியே, திருகு 220-இல்தான் நிற்கிறது. 240-க்கு மாற்றினேன், இப்போது 6.35. கேத்தோடு வோல்டேஜும் லேசாக இறங்கியது, இடது 7.2.

வால்யூம் கண்ட்ரோலை 100 கிலோ ஓமாக மாற்றினேன், மில்லிவோல்ட் சொன்ன மாதிரியே மேல் ஒலி திறந்தது. பெட்டியில் இப்போது பி.இ.எல். போட்டிருக்கிறேன். நான்கில் இரைச்சல் மிகக் குறைவு அதில்தான். ஒரு டெசிபலைக் கைப்பிடியைக் கொஞ்சம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

இசைத்தட்டு_வீடு:

இன்று காலை அனுப்பிவிட்டேன். வால்வைப் பஞ்சில் சுற்றி, முட்களைத் தெர்மோகோலில் குத்தி, சின்ன டப்பா, அதற்கு வெளியே பெரிய டப்பா. குளிரில் வந்தால் அறைச் சூட்டுக்கு வரும்வரை ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருங்கள். போடும் முன் ஒரு முறை பென்சிலால் தட்டிப் பாருங்கள், இங்கே அது 'டக்' என்று அடங்கியது. அங்கே எப்படி என்று எழுதுங்கள்.